வாசலில் நிறுத்துவது ஒன்று, நாற்காலியில் உட்கார வைப்பது இன்னொன்று

எங்கள் கடையில் தெருவைப் பார்த்தபடி ஒரு டிவி, உள்ளே சுவரோரமாக வரிசையாகச் சில டிவிகள். தெருப்பக்க டிவியில் என்ன ஓட வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். உள்ளே என்ன ஓட வேண்டும் என்பதைக் காசு கொடுத்து உட்காரும் பையன்கள் முடிவு செய்வார்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதி அது. அப்பா எஸ்டிடி பூத்தாகத் தொடங்கிய கடை, பிறகு பிரௌசிங் சென்டர் ஆனது. அந்த வியாபாரமும் படுத்ததும் பிஎஸ் 2 என்கிற பிளேஸ்டேஷன் 2 கேம் கருவிகள் வாங்கிப் போட்டு கேம் சென்டர் ஆக்கினோம். மணிக்கு 20 ரூபாய். கல்லாவில் பெரும்பாலும் நான்தான்.

வீடியோ கேமில் கிராபிக்ஸ் எவ்வளவு முக்கியம், நிஜம் போலவே தெரிவது எவ்வளவு முக்கியம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த இரண்டு வகை டிவிகள்தான் நினைவுக்கு வரும். தெருப்பக்க டிவியில் நான் போட்ட கேமும் உள்ளே பையன்கள் கேட்டு வாங்கிய கேமும் அநேகமாக ஒன்றாக இருந்ததே இல்லை.

வெளியே 'காட் ஆஃப் வார் 2' போடுவேன். 2007-இல் வந்தது. ரோட்ஸ் நகரத்து வெண்கலச் சிலை உயிர்பெற்று எழுந்து ஊரையே மிதித்துக்கொண்டு வரும், அதன் காலடியில் கதாநாயகன் கிரேட்டோஸ் ஓடிக்கொண்டிருப்பான். கேமின் தொடக்கமே அதுதான். பிஎஸ் 2-இல் இப்படியும் ஒரு காட்சி வருமா என்று சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்கள். டியூஷன் போகிற பையன், அவனைக் கூட்டிப் போக வந்த அவன் அப்பா, பூ விற்றுவிட்டுத் திரும்பும் பாட்டி என்று எல்லாருமே நின்றிருக்கிறார்கள். அந்தக் காட்சி எங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது உண்மை. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் கேட்டது இருவர் மோதும் சண்டை கேமான 'டெக்கன்', மல்யுத்த கேமான 'ஸ்மாக்டவுன்', 'கிரிக்கெட் 07'. 'காட் ஆஃப் வார்' கேட்டு வந்தவன் பாதிக் கதையில் நேரம் முடிந்து எழுந்து போவான், மறுவாரம் வந்து 'டெக்கன்' கேட்பான்.

அவன் ரசனை கெட்டுப்போனதால் அப்படிக் கேட்கவில்லை. அவன் விரல் என்ன கேட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

'டெக்கன் 5' பிஎஸ் 2-க்கு 2005-இல் வந்தது. அதன் உட்கட்டு ரொம்ப எளிமையானது. கன்ட்ரோலரின் நான்கு பொத்தான்கள் நான்கு கை கால்களுக்கு: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். புதிதாக வருகிறவன் எட்டி கோர்டோ என்கிற ஆளை எடுப்பான், ஏனென்றால் கால் பொத்தான்கள் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினாலே எட்டி தலைகீழாகச் சுழன்று சுழன்று உதைப்பான். முதல் நாளே ஜெயித்த சந்தோஷம் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து அதே பையன் எட்டியை விட்டுவிட்டு ஜின் காசாமாவுக்கோ கிங்குக்கோ மாறியிருப்பான், ஏனென்றால் அதற்குள் தடுப்பது, காத்திருப்பது, எதிராளி அடித்துத் தவறவிட்ட நொடியில் திருப்பி அடிப்பது எல்லாம் பழகியிருக்கும். இந்த நொடி என்பது உண்மையில் நொடியில் சிறு துண்டு. 'டெக்கன்' வினாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடுகிறது, ஒரு படத்துக்கு 17 மில்லிசெகண்டு கூட இல்லை. ஓர் அடி எத்தனை படத்தில் விழுகிறது, எதிராளி அதைத் தடுத்தால் எத்தனை படம் பின்தங்குகிறோம் என்பதுதான் அந்த விளையாட்டே. பத்தாம் வகுப்புப் பையன்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில்கூட எழுதாமல் விரலில் வைத்திருந்தார்கள்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு டிவி. பழைய டியூப் டிவி ஒன்று மங்கிவிட்டதால் அப்பா அதைவிடப் பெரிய எல்சிடி டிவி வாங்கி வந்து மாட்டினார். படம் பளிச்சென்று, அகலமாக, முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் அந்த இருக்கைக்குச் சண்டை போடுவார்கள் என்று நினைத்தோம். 'டெக்கன்' பையன்கள் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். "அக்கா, இதுல கை லேட்டா விழுது. எங்களுக்குப் பழைய டிவியவே தாங்க." டியூப் டிவி வருகிற சிக்னலை வந்த கையோடு திரையில் வரைந்துவிடும். அந்தக் காலத்து எல்சிடி டிவி அதை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அந்த மெருகேற்றலுக்கு ஆகும் தாமதத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, விரல் பிடித்துவிடும். நல்ல படத்தையும் உடனே கேட்கும் கையையும் எதிரெதிரே வைத்து, எது வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பையன்கள் யோசிக்காமல் பதில் சொன்னார்கள்.

'கிரிக்கெட் 07' பற்றி நிறையச் சொல்லலாம். 2006 இறுதியில் ஈஏ என்ற கேம் நிறுவனம் வெளியிட்டது, செய்தது கனடாவின் ஹெச்பி (HB) ஸ்டூடியோஸ். அதற்குப் பிறகு ஈஏ அந்த வரிசையில் புதிதாக எதுவும் கொண்டுவரவில்லை. முகங்கள் என்று பார்த்தால் ஒருவர் முகமும் அவர் முகம் மாதிரி இருக்காது. பார்வையாளர் கூட்டம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நிற்கும். உரிமம் வாங்காத அணிகளில் வீரர்களின் பெயரே மாறியிருக்கும், நம் அணியும் அதில் சேர்த்தி. அப்படியும் இந்தியாவில் அந்த கேம் சாகவில்லை. ரசிகர்களே கம்ப்யூட்டர் பதிப்புக்குப் புதிய ஜெர்சி, புதிய மைதானம், ஐபிஎல் அணிகள், சரியான பெயர்கள் எல்லாம் செய்து 'பேட்ச்' என்ற பெயரில் வருஷா வருஷம் வெளியிட்டார்கள். சிடியில் எழுதி ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் கடையிலிருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டரில் சென்னை அணியின் மஞ்சள் ஜெர்சி இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பையன்களுக்கு நிஜம் வேண்டியிருந்தது. தோனி பெயர் தோனி என்றே இருக்க வேண்டும், ஜெர்சி இந்த வருஷத்து ஜெர்சியாக இருக்க வேண்டும். ஆனால் தோனியின் முகம் தோனி மாதிரி இல்லை என்று யாரும் ஒரு நாளும் புகார் சொல்லவில்லை. கிரிக்கெட்டில் அவர்கள் தேடிய நிஜம் வேறு இடத்தில் இருந்தது. பந்து குத்தும் இடம் பார்த்து முன்காலா பின்காலா என்று முடிவெடுப்பது, கொஞ்சம் அவசரப்பட்டால் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போவது, சரியாகப் பட்டால் அந்தச் சத்தம். அதோடு ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் பேசும் வர்ணனை. அந்தக் குரல்கள் டிவியில் கேட்ட கிரிக்கெட்டை அப்படியே கொண்டுவந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது நிஜ ஆட்டம்தான். பெனோவின் ஆங்கிலம் பாதி புரியாத பையன்கள் அவர் குரல் ஏறும் இடத்தை வைத்தே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்வார்கள்.

பிற்காலத்தில் வந்த கிரிக்கெட் கேம்களில் வீரர்களை ஸ்கேன் செய்து, முகத்தின் தாடி மயிர் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அவற்றையும் விளையாடியிருக்கிறேன், சில விஷயங்களில் அவை உண்மையிலேயே உயர்ந்தவை. பந்துவீச்சு அவற்றில் நுணுக்கமானது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பையன்கள் சேர்ந்து மழைநாளில் ஆடுவதற்கு இன்னும் 'கிரிக்கெட் 07' லேப்டாப்பில் ஓடுகிறது. சாதாரண லேப்டாப்பிலும் ஓடுகிறது என்பதும் ஒரு காரணம்தான். அந்தக் காரணத்தை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. வாங்க முடியாத கருவியில் ஓடும் அழகு, நம் ஊரில் பாதிப் பேருக்கு யூடியூபில் பார்க்கும் அழகு மட்டுமே.

கடையை மூட வைத்தது 'பப்ஜி மொபைல்'. 2018-இல் வந்தது, அந்த வருஷமே நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. எனக்கு அதன் மேல் வருத்தமில்லை, நானும் ஆடினேன். அதன் செட்டிங்ஸில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று கிராபிக்ஸ் தரம்: ஸ்மூத் என்று கீழே தொடங்கி ஹெச்டி, ஹெச்டிஆர் என்று மேலே போகும். இன்னொன்று படவேகம்: லோ என்று தொடங்கி எக்ஸ்ட்ரீம் வரை போகும். அப்போது எக்ஸ்ட்ரீம் என்றால் வினாடிக்கு 60. ஜெயிக்கவே ஆடுகிறவர்கள் எல்லாரும் வைத்திருந்தது ஒரே மாதிரி: தரம் ஸ்மூத், வேகம் எக்ஸ்ட்ரீம். வசதியுள்ள வீட்டுப் பையன், கையில் விலையுயர்ந்த போன், அவனும் நிழலை அணைத்து, தரத்தைக் கீழே இறக்கித்தான் ஆடுவான். ஏன் என்று கேட்டேன். "நிழலும் வெளிச்சமும் எதுக்கு அத்த? ஆள் தெரியணும், ஸ்கோப் திரும்பணும்" என்றான். தம்பி மகன்தான், அதனால் அத்தை. கம்ப்யூட்டரில் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களிலும் பலர் இன்றைக்கும் 1280க்கு 960 போன்ற குறைந்த தெளிவில், படத்தை அகலவாட்டில் இழுத்து ஆடுகிறார்கள். அந்த விளையாட்டை உலகத்திலேயே அதிகம் நேசிக்கிறவர்கள் தாங்களாகவே அதன் அழகைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதும், அப்படியானால் கிராபிக்ஸே வேண்டாம், அந்தக் காலத்து கேம்தான் கேம் என்கிற முடிவுக்கு நான் வருவதாக நினைத்துவிட வேண்டாம். அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது. எங்கள் அலமாரியில் பிஎஸ் 1 டிஸ்க்குகளும் இருந்தன. முப்பரிமாணம் புதிதாக வந்த காலத்து கேம்கள். கேமரா சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும், தூரம் கணிக்க முடியாது, ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எங்கே விழுவோம் என்று தெரியாது. அவற்றை வாங்கிப் போட்டுப் பார்த்த பையன்கள் பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார்கள், அது நியாயம்தான். அங்கே படம் மோசமாக இருந்ததால் விளையாட்டே மோசமானது. கண்ணுக்குத் தெளிவில்லாத இடத்தில் கைக்கு வேலையில்லை.

நிஜத்தோற்றமே விளையாட்டின் உயிராக இருக்கிற இடங்களும் உண்டு. 2011-இல் வந்த 'எல்.ஏ. நுவார்' அப்படி ஒன்று. 1940களின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போலீஸ்காரர், சாட்சிகளை உட்கார வைத்து விசாரிக்கிறார். எதிரே இருப்பவர் சொல்வது உண்மையா பொய்யா என்று முகத்தைப் பார்த்து நாம் தீர்மானிக்க வேண்டும். அதற்காக நடிகர்களைச் சுற்றி 32 கேமராக்கள் வைத்து அவர்கள் முகத்தின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்தார்கள். உதட்டோரம் துடிப்பது, கண் விலகுவது எல்லாம் அதில் குறிப்புகள். அந்த முகங்களைப் பொம்மை முகமாக வைத்தால் அந்த கேமே இல்லை.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அது எங்கள் கடையில் தோற்றது, என் வீட்டில் ஜெயித்தது. 2018-இல் வந்தது. அப்போது எங்களிடம் ஒரு பிஎஸ் 4 இருந்தது. வெளி டிவியில் போட்டதும் வழக்கம்போல ஆள் நின்றது. பனிமலையில் தொடங்கும். குதிரை போன வழியெல்லாம் பனி வெட்டுப்பட்டுத் தடம் விழும். குளிரில் மூச்சு புகையாகும். உள்ளே வந்து உட்கார்ந்தவன் குதிரையில் போய்க்கொண்டே இருந்தான், போய்க்கொண்டே இருந்தான். மான் வேட்டையாடினால் தோலை உரிப்பதை முழுக்க நின்று பார்க்க வேண்டும். அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு பொருளாகக் கதாநாயகன் ஆர்தர் மார்கன் கையை நீட்டி எடுப்பான். மணிக்கணக்கில் காசு கொடுக்கிறவனுக்கு இது தாங்காது. "என்னக்கா, இவன் நடக்கறதுக்கே என் காசு போயிருதே" என்று ஒருவன் எழுந்தான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

கடையை மூடிய பிறகு அந்த பிஎஸ் 4 வீட்டுக்கு வந்தது. ராத்திரியில் சாவகாசமாக ஆடினேன். கடையில் அலுப்பாக இருந்த அதே தாமதம் எனக்குப் பிடித்துப்போனது. ஆர்தருக்குத் தாடி வளர்கிறது, நாம்தான் மழித்துவிட வேண்டும். வேட்டையாடிய உடலைக் குதிரையில் போட்டுக்கொண்டு நாள் கணக்கில் சுற்றினால் அழுகி ஈ மொய்க்கிறது. குதிரையைத் தட்டிக்கொடுத்தால், தீனி வைத்தால், தேய்த்துவிட்டால் அதற்கு நம் மேல் பிரியம் கூடுகிறது. கதை ஒரு மனிதன் தன் கடைசிக் காலத்தை உணர்வதைப் பற்றியது, அவன் காலத்து வாழ்க்கை முறையே முடிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதைக்கு உடம்பின் பாரம் வேண்டும், குளிர் வேண்டும், சேறு பூட்ஸில் ஒட்ட வேண்டும். அந்தக் குதிரையோடு அவ்வளவு காலம் இருந்த பிறகு கதையில் அதற்கு நேர்வதைப் பார்த்தபோது நான் அழுதேன். பளபளப்புக்காக யாரும் அழுவதில்லை. அந்தக் குதிரையை நான் தினமும் தேய்த்துவிட்டிருந்தேன், அதுதான் அழ வைத்தது. ஆனால் அதன் ரோமத்தில் சேறு காய்வதை அவர்கள் காட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தேய்த்துவிடத் தோன்றியிருக்காது.

ஆகவே நிஜத்தோற்றத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த கேம் என்னைப் பார்க்கச் சொல்கிறதா, இல்லை செய்யச் சொல்கிறதா? முகத்தை, பனியை, குதிரையைப் பார்ப்பதே வேலை என்றால் எவ்வளவு நுணுக்கம் வந்தாலும் தகும். செய்வதுதான் வேலை என்றால் படம் தெளிவாகவும் கை உடனடியாகவும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வாசலுக்குத்தான்.

அழகும் நிஜமும் ஒன்றே அல்ல என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 'ஓகாமி'. ஒரு மொத்தக் கட்டில் எங்களுக்கு வந்த பிஎஸ் 2 டிஸ்க் அது, பையன்கள் சீண்டவே இல்லை. 2006-இல் கேப்காம் என்ற கேம் நிறுவனத்துக்காக க்ளோவர் ஸ்டூடியோ செய்தது, இயக்கியவர் ஹிதேகி கமியா. முதலில் அதை நிஜம் போலத்தான் செய்யத் தொடங்கினார்கள். பிஎஸ் 2-க்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. அதனால் ஜப்பானிய மை ஓவியத்தின் பாணிக்கு மாறினார்கள். சூரிய தேவதை அமதேராசு ஒரு வெள்ளை ஓநாயாக வருகிறாள். அவள் ஓடும்போது கால் பட்ட இடத்தில் புல்லும் பூவும் முளைத்து மறைகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் அப்படியே உறைந்து காகிதமாகிவிடும், நம் கையில் தூரிகை. வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் உதிக்கும். எதிரியின் மேல் ஒரு கோடு கிழித்தால் வெட்டு விழும். உலகமே ஓவியம் என்பதால் அதன் மேல் வரைந்தால் அது நடக்கிறது. இயந்திரத்தின் குறையிலிருந்து பிறந்த பாணி, கடைசியில் விளையாட்டின் விதியாகவே ஆகிவிட்டது. கடை சாத்திய பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் ஆடியது இதைத்தான்.

அதே காலத்தில் 'அச்சு அசல் நிஜம்' என்று விளம்பரம் செய்த கேம்களை இன்று போட்டுப் பாருங்கள். குத்துச்சண்டை வீரர்கள் மெழுகில் வார்த்தது போல வியர்க்கிறார்கள். கண்கள் எங்கோ பார்க்கின்றன. மனித உருவத்தை ஏறக்குறைய எட்டி, கொஞ்சம் பிசகி நிற்கும் உருவம் நமக்குப் பிடிப்பதைவிட அருவருப்பையே தரும் என்று மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்த முகங்கள் வெளிவந்த வருஷம் நமக்கு அருவருப்பாக இல்லையே! அதைவிட நல்ல முகம் வந்த பிறகுதான் பழையது பிசகித் தெரிகிறது. நிஜத்தோற்றத்தை மட்டும் நம்பி வருகிற கேம், அடுத்த வருஷத்து கேமோடு போட்டிபோட்டுத் தோற்றே ஆக வேண்டும். 'ஓகாமி'க்கு அந்தப் போட்டியே இல்லை. பிறகு உயர்தெளிவில் மறுபடி வெளியிட்டபோது கோடுகளைக் கூர்மையாக்கினார்கள், ஓவியம் அதே ஓவியம்தான்.

எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாம் செய்து 2016-இல் கொண்டுவந்த 'ஸ்டார்ட்யூ வேலி'யும் இதே வகை. சின்னச் சின்னக் கட்டங்களாலான வயல், அதில் தண்ணீர் ஊற்றினால் மண் நிறம் ஒரு படி கருக்கும். ஊற்றியாகிவிட்டது என்று தெரிய அது போதும். என் அம்மா வீடியோ கேம் பக்கமே வராதவர். அந்த வயலைப் பார்த்துவிட்டு "அந்த மூலைக்கு ஊத்தல பாரு" என்றார்.

இப்போது அந்தத் தம்பி மகன் கல்லூரிக்குப் போகிறான், கேம் ஆடுவதற்கென்றே காசு சேர்க்கிறான். எதில் போடலாம் என்று என்னிடம்தான் கேட்பான். நான் சொல்லும் வரிசை இது. இருக்கிற டிவியில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், முதலில் அதைப் போட்டுவிடு, காசு செலவில்லை. படத்தை வழுவழுப்பாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலைகளை எல்லாம் அது நிறுத்திவிடும், கை உடனே விழும். அடுத்து நல்ல கன்ட்ரோலர். பிஎஸ் 5 வாங்கினால் நிறைய கேம்களில் 'பெர்ஃபாமன்ஸ்', 'குவாலிட்டி' என்று இரண்டு முறைகள் இருக்கும். முதலாவது பெரும்பாலும் வினாடிக்கு 60 படம், இரண்டாவது 30 படத்தில் கூடுதல் அழகு. சண்டை, பந்தயம், பந்து என்றால் முதலாவது. குதிரையில் ஏறி மலையைப் பார்க்கிற கேம் என்றால் இரண்டாவதைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போ. கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு கடைசியில். அதற்குள் 'ஓகாமி' தள்ளுபடியில் வந்தால் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு, எங்கள் பழைய டிஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டது.